ஹீட்டர் வெச்ச மிஷின்

உக்காருங்க. டெமோ காட்றவரு சாப்புடப் போயிருக்காரு. இப்பத்தான் போனாரு, எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். நானும் அவருக்குத்தான் காத்துட்டிருக்கறேன். நீங்க எந்தூருங்க? உடுமலைங்களா. லாட்ஜ் கார்ப்பெட்டுக்குங்களா, இல்ல ஊட்டு வேலைக்குங்களா? ரெண்டுக்குமா. அப்பச் சரிதானுங்க. வந்ததுல இருந்து உங்க கண்ணு அந்த மூலையில இருக்கற நீலக்கலரு மிஷினு மேலதான் நிக்குது, நானும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். ஹீட்டர் வெச்சது. நான் வாங்க வந்திருக்கறதும் அதேதானுங்க. எனக்கு இது ரெண்டாவது.

மொதல்ல வாங்குனது போலீஸ் ஸ்டேசன்ல கெடக்குது. பதறாதீங்க, மிஷின் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இதைத்தான் நாலு மாசமா எல்லாருகிட்டயும் சொல்லீட்டு இருக்கறேன், ஒருத்தரும் காது குடுத்துக் கேக்கறதில்ல. மிஷின் நல்ல மிஷின். தண்ணியப் பீச்சும், சூடாப் பீச்சும், பீச்சுன கையோட அழுக்கையும் சேர்த்து உறிஞ்சிக்கும். அரைமணி நேரத்துல கார்ப்பெட்டு மேல கொழந்தையப் படுக்க வெக்கலாம். அப்படி உறிஞ்சும். நேரம் சரியில்லைன்னா மிஷின் என்னங்க பண்ணும்?

நானும் வெள்ளிங்கிரியும் ஒரே மில்லு, ஒரே சிப்ட்டு. பதினாலு வருசம். மில்லை மூடுனப்பறம் ரெண்டு பேரும் சேர்ந்து சோபா கழுவற தொழிலுக்கு வந்தோம். பக்கெட்டு, பிரஷ்சு, ஷாம்பூ, அவ்வளவுதான். நான் போன் பேசறது, ஆர்டர் பிடிக்கறது, போய் நின்னு கஸ்டமருகிட்ட நாலு வார்த்தை நல்லாப் பேசறது. அவன் கீழ உக்காந்து தேய்க்கறது. அவனுக்குப் பேச்சு வராதுங்க. ஆனா கை இருக்குது பாருங்க, காபி கொட்டுன கறை, கொழந்தை மூத்திரம், எதுவா இருந்தாலும் மோந்து பார்த்தே சொல்லீருவான் எத்தனை நாள் ஆச்சுன்னு. என்ற கூடப் பொறந்தவன்கூட எனக்கு அப்படி இல்லீங்க. இதை நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

போன ஆவணியில இதே கடைக்குத்தான் வந்தோம். இதே மாதிரி ரெண்டு மிஷினு பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. ஒண்ணு அந்தா, சாம்பல் கலரு, சின்னது, ஹீட்டர் இல்ல. இன்னொண்ணு உங்க நீலக்கலரு. நான் நீலத்தைப் பார்த்ததும் முடிவு பண்ணீட்டேன். அவன் என்ன பண்ணுனான்னா, ரெண்டையும் தூக்கிப் பார்த்தான். ஓஸ் பைப்பைச் சுருட்டிப் பார்த்தான். கார்ப்பெட்டு மேல வெச்சு அழுத்தற அந்த ஸ்டீல் குழாயக் கையில பிடிச்சுட்டு, முட்டி போட்டு, தேய்க்கற மாதிரி முன்னயும் பின்னயும் போய் வந்தான். கடைக்காரங்க சிரிச்சாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

அப்பறம் நீலத்தோட பிளக்கைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, இது பெருசா இருக்குதே மாப்ள, ஊட்டு ஹால்ல எங்க போய் மாட்டறதுன்னான். சின்னதையே எடுத்துக்கலாம், வெந்நி வேணும்னா அவங்க ஊட்டுலயே ஒரு பக்கெட்டு கேட்டு வாங்கி ஊத்திக்கலாம்னான். படியேத்தறதுக்கும் லேசுன்னான். அவன் சொன்னது அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் வாதாடல.

நான் ஒத்துக்கலீங்க. ஏன்னு கேளுங்க. கஸ்டமரு நம்ம வேலையப் பார்க்கறதில்ல, மிஷினைத்தான் பார்க்கறாங்க. குழாய் முனையில ஆவி பறக்கணும். ஆவி பறந்தா, ஓகோ, கிருமியெல்லாம் செத்துச்சுன்னு அவங்களே சொல்லிக்குவாங்க. அப்பறம் அடுத்த ஊட்டுக்கும் அவங்களே போன் பண்ணிச் சொல்லுவாங்க. பேசறவன் நான்தானுங்களே, கஸ்டமரு மனசு எனக்குத் தெரியாதா? நீ தேய்க்கற வேலையப் பாருடா, மிஷின் எடுக்கறதை எனக்கு உடுன்னு சொன்னேன். உனக்குப் பிடிச்சாச் சரி மாப்ளன்னுட்டான். நல்ல பையனுங்க, எதுக்கும் எதுத்துப் பேச மாட்டான்.

வாங்கி ரெண்டு வாரம் ரோதனைதான். பிளக்கு விசயத்துல அவன் சொன்னது நெசம்தான், அதை நான் மறைக்கல. இந்தப் பெரிய பிளக்குக்கு ஓட்டை எங்க இருக்கும்? பெட்ரூம்ல ஏசிக்குப் பக்கத்துல இருக்கும். இல்லைன்னா பாத்ரூம்ல கெய்சருக்கு இருக்கும். ஹால்ல இருக்காது. கார்ப்பெட்டு இருக்கறதோ ஹால்ல. பெட்ரூம் கதவைத் திறந்து உடுங்கன்னு கேட்டா, கஸ்டமரு மூஞ்சி போற போக்கைப் பார்க்கணுமே. நம்மளத் திருட்டுப்பய மாதிரி பார்ப்பாங்க. எனக்கு மானமே போயிரும். பதினாலு வருசம் மில்லுல சூப்பர்வைசர் முன்னாடிகூட அப்படிக் கூசி நின்னதில்லீங்க நான்.

அதுக்கொசரம் ஒரு நாள் உக்காந்து, பெரிய பிளக்கை வெட்டிப்போட்டு சின்னது மாட்டுனேன். அதுவும் பழைய ஊடுகள்ல ரெண்டு ஓட்டைதான் இருக்குதுங்க. அதனால ரெண்டு கால் பிளக்கா மாட்டுனேன். உள்ள மூணு வயரு வந்துச்சு. செகப்பு, கறுப்பு, பச்சை. ரெண்டு காலுக்கு ரெண்டு வயரு போதும். பச்சையை ஒட்ட வெட்டி, டேப்பு சுத்தி உட்டுட்டேன். பச்சை வயர்ல கரண்டே வராதுங்க, டெஸ்டர் வெச்சுப் பார்த்தேன், எரியல. சும்மா கெடக்கற வயரு. அதை மாட்டுனா என்ன, மாட்டாட்டி என்ன? அன்னில இருந்து எந்த ஊட்டுலயும் எவன்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்ல, நேராப் போனமா, மாட்டுனமான்னு ஆயிப்போச்சு. உங்களுக்கும் வேணும்னாச் சொல்லுங்க, வாங்குனதும் இங்கயே மாத்திக் குடுக்கறேன். பத்து நிமிச வேலை.

பிளக்கு கொஞ்சம் சூடாகும். ஆகட்டுமே. நடுவுல நிறுத்தி ஆற உட்டாப் போவுது.

இன்னொண்ணு செருப்பு. இந்தக் கடையில அப்பவே சொன்னாங்க, மிஷின் ஓட்டறவங்க ரப்பர் செருப்போ பூட்ஸோ போடாம ஓட்டக் கூடாதுன்னு. வெள்ளிங்கிரி அதைப் பிடிச்சுக்கிட்டான். புதுசா ஒரு ஜோடி வாங்கி, வெளிய போடாம, ஊட்டுக்குள்ள மட்டும் போட்டுக்கறேன்னான். யோசிச்சுப் பாருங்க. ஒரு ஊட்டுக்குப் போறோம். வாசல்ல செருப்பக் கழட்டாம ஒருத்தன் உள்ள வந்தான்னா அந்தம்மா என்ன நினைக்கும்? அது புதுச் செருப்பு, ஊட்டுக்குள்ள போடற செருப்புன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டிக்க முடியும்? சாமி படம் மாட்டியிருக்கற ஹாலுங்க. வேண்டாண்டா, வெறுங்கால்ல வேலை பார்த்தா ஒரு மரியாதைன்னு நான்தான் சொன்னேன். மரியாதை தெரிஞ்சவங்கன்னு ஒரு பேரு எங்களுக்கு இருந்துச்சு. அதை நான் கட்டிக் காப்பாத்துனேன்.

ஐப்பசி பொறந்துச்சு, வேலை பிச்சுக்கிட்டுச்சு. தீபாவளிக்கு முன்னாடி எல்லா ஊட்டுலயும் சோபா, கார்ப்பெட்டு, கர்ட்டன். ஒரு நாளைக்கு மூணு ஊடு, நாலு ஊடு. அப்பத்தான் அவன் ஆரம்பிச்சான். ஒரு டாக்டரு ஊட்டுல வேலை முடிச்சுட்டு வெளிய வந்து, மாப்ள, குழாயப் பிடிச்சாக் கையெல்லாம் சுறுசுறுங்குதுன்னான். ஈரக்கையில சூடு பட்டா அப்படித்தான் இருக்கும்னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுக்காச் சொன்னான். இந்தத் தடவை முழங்கை வரைக்கும் இழுக்குது, ஹீட்டர் போட்டாத்தான் இழுக்குது, அமத்துனா இல்லைன்னான்.

எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. மறைக்காமச் சொல்றேன். அவனுக்கு மொதல்ல இருந்தே அந்த மிஷின் பிடிக்கல. சாம்பல் கலருதான் மனசுல. அதை வெச்சுட்டு நொட்டை சொல்றான்னு நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. ஆனாலும் நான் சும்மா இருக்கல. என்ற ஊட்டுச் செட்டுல மிஷினை மாட்டி, ஹீட்டரப் போட்டு, நானே குழாயப் பிடிச்சுப் பார்த்தேன். செருப்புப் போட்டுட்டு, காஞ்ச தரையில, நல்லா நின்னு நிதானமாப் பிடிச்சேன். ஒண்ணும் இல்ல. ஒரு பொட்டு இல்ல. பாரு, எனக்கு ஒண்ணும் அடிக்கலைன்னேன். அவன் மிஷினைத் தூக்கி ஆட்டோவுல வெச்சான்.

மூணாவது தடவை சொன்னது அன்னிக்குக் காலையில. இன்னிக்கு ஒரு நாள் ஹீட்டர் போடாமப் பச்சைத்தண்ணியில பண்ணிக்கலாமான்னு கேட்டான். நாங்க போறது பெரிய அப்பார்ட்மென்ட்டு, மூணாவது மாடி. அந்தம்மா போன்லயே ஆவியில பண்ணுவீங்கதானேன்னு ரெண்டு தடவை கேட்டிருச்சு. சாயங்காலம் பொண்ணு பார்க்க வர்றாங்களாம். நான் வாக்குக் குடுத்துட்டேன். இன்னிக்கு மட்டும் பண்ணீருடா, தீபாவளி முடியட்டும், கடையில கொண்டுபோய்க் காட்டி நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். சரின்னுட்டான்.

நல்ல செகப்புக் கார்ப்பெட்டுங்க, ஹால் முழுக்க. கணுக்கால் பொதையும். அவன் ஆரம்பிச்சான், நான் ஆவி வர்றதை அந்தம்மாவுக்குக் காட்டீட்டு, பால்கனியில போய் அடுத்த ஆர்டருக்குப் போன் பேசிட்டு இருந்தேன். மிஷின் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அது உறிஞ்சற சத்தம், தேய்க்கறப்ப ஏறி எறங்கும். அவன் கை போயிட்டு வர்ற சத்தம் அது. பேசிட்டே இருக்கறப்ப கவனிச்சேன், ஏறி எறங்கவே இல்ல. ஒரே சீராக் கேட்டுச்சு.

திரும்பிப் பார்த்தா, ஒருச்சாஞ்சு படுத்துக் கெடக்கறான். குழாயை உடலீங்க. ரெண்டு கையும் அதைப் பிடிச்சுட்டு இருக்குது. கண்ணு தொறந்து இருக்குது. அந்தம்மா சமையக்கட்டுல இருந்து ஓடியாந்து, தொடாதீங்கன்னு கத்துச்சு, போய் மெயினை அமத்துச்சு. நான் அப்படியே நின்னேன். அந்தம்மாதான் நெஞ்சை அமுத்துச்சு, ஆம்புலன்சுக்குப் போன் போட்டுச்சு, கீழ எறங்கி வாட்ச்மேனைக் கூட்டீட்டு வந்துச்சு. நான் அவன் காலைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். உள்ளங்கால் ரெண்டும் ஊறி வெளுத்துப் போயிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு சொல்லீட்டாங்க.

அந்தம்மாவை நல்ல பொம்பளைன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தம்மா பெட்ரூம் கதவைத் திறந்து உட்டிருந்தா அந்தப் பெரிய ஓட்டையில மாட்டியிருக்கலாமில்லீங்க? பெரிய பிளக்கு டூல்ஸ் பையிலதான் கெடந்துச்சு. அன்னிக்கு நாங்க கேட்டமான்னா, கேக்கலீங்க. கேட்டாலும் உட்டிருக்காது. எத்தனை ஊடு பார்த்திருக்கறேன்.

கரண்டு தெரிஞ்ச ஒருத்தரு போலீஸோட வந்து மிஷினைப் பிரிச்சுப் பார்த்தாரு. ஹீட்டருக்குள்ள கரண்டு லீக்காம், அது தண்ணி வழியா ஸ்டீல் குழாய்க்கு வந்திருக்குதாம். எந்த மிஷின்லயும் ஒரு நாளைக்கு வரக்கூடியதுதான், அதுக்குத்தான் பச்சை வயர் இருக்குது, இதை எவன் வெட்டுனான்னு கேட்டாரு. பச்சை வயர்ல கரண்டே வராதுங்களேன்னேன். என்னைய ஏற எறங்கப் பார்த்துட்டு எழுதிக்கிட்டாரு. போலீஸ்காரரும் கேட்டாரு. மிஷின் வேலையெல்லாம் வெள்ளிங்கிரிதான் பார்ப்பான்னேன். அது பொய்யில்லீங்களே, வேலை பார்த்தவன் அவன்தானே. இருக்கறவனும் உள்ள போயிட்டா ரெண்டு குடும்பத்தையும் யாருங்க பார்க்கறது?

இதையெல்லாம் நான் தாங்கிக்கிட்டேன். தாங்க முடியாதது ஒண்ணு இருக்குது, அதைச் சொல்லத்தான் வந்தேன். அவன்ற பொண்டாட்டி சுகுணா. என்னைய அண்ணான்னுதான் கூப்புடும். கல்யாணம் பண்ணி வந்த நாள்ல இருந்து என் மேல ஒரு மரியாதை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் சாப்புட்டுட்டு இருக்குது. அது நேரா என்ற முன்னாடி வந்து உக்காந்துச்சு.

"ஏனுங்கண்ணா, மிஷின்ல கரண்டு அடிக்குதுன்னு அவரு உங்ககிட்டச் சொன்னாருங்களா?"

சுத்தி அவன்ற அக்கா, தம்பி, மாமன், அத்தனை பேரும் இருக்காங்க. எல்லாரு கையும் எலையில நின்னு போச்சு. நான் என்னங்க சொல்லுவேன்? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

"இல்லையே அம்மிணி. எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே"ன்னேன்.

அது இன்னும் கொஞ்சம் கிட்ட நகுந்து உக்காந்துச்சு. அப்பறம் சொல்லுச்சு.

"எங்கிட்ட ஒரு வாரமாச் சொல்லீட்டு இருந்தாருங்கண்ணா. மாப்ளகிட்டச் சொல்லீட்டேன், அவன் பார்க்கறேன்னான்னு சொன்னாரு. அந்த நம்பிக்கையிலதான் அன்னிக்குச் சோறு கட்டிக் குடுத்து அனுப்புனேன். இல்லைன்னாப் போக உட்டிருக்க மாட்டேன்."

ஒரு தடவை சொன்னதை எப்படி மாத்திச் சொல்றது, அத்தனை பேரு முன்னாடி? நீ பயந்துக்கக் கூடாதுன்னு அப்படிச் சொல்லி வெச்சிருப்பான் அம்மிணி, ஆம்பளைங்க ஊட்டுல அப்படித்தான் சொல்லுவோம்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அது தலையை ஆட்டுச்சு. எந்திரிச்சுப் போய் எனக்குப் பாயசம் கொண்டாந்து வெச்சுச்சு.

சரி, அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். தை மாசம் ஒரு நாள் அந்தப் பக்கம் போனவன், எட்டிப் பார்த்துட்டு வருவோம்னு போனேன். ஹால்ல அவன் படத்தைக் காணலீங்க. ஆணி மட்டும் இருக்குது. எங்க அம்மிணி படம்னு கேட்டேன். பீரோவுக்கு மேல கையக் காட்டுச்சு. பழைய பாயி, ஓட்டை பக்கெட்டு, அதுங்களோட அவன் படமும் குப்புறக் கெடக்குது. பொட்டு இல்ல, பூ இல்ல, தூசி ஒரு அங்குலம்.

"அண்ணா, உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க உட்டிருப்பீங்களா? உசுரோட இருந்திருப்பாரு. சொல்லாமயே சொல்லீட்டேன்னு என்னைய ஏமாத்தீட்டுப் போயிட்டாரு. அந்த மூஞ்சியப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுங்கண்ணா."

கேட்டீங்களா? செத்தவன் மேல இப்படியும் ஒரு கோவம் உண்டுங்களா? பதினெட்டு வருசம் கூட வாழ்ந்தவ. அவன் எப்பேர்ப்பட்டவன்னு தெரியாதா அவளுக்கு? பொய்யே வராதுங்க அவனுக்கு. ஒரு சோபா கறை போகலைன்னாக்கூடப் போகலைன்னு கஸ்டமரு முன்னாடியே சொல்லீருவான், நான்தான் காலை மிதிச்சு நிறுத்தணும். அவனைப் போய்ப் பொய் சொன்னான்னு சொல்றா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அவ எதுக்கால நின்னுட்டு ஒண்ணும் சொல்ல முடியாம, நான் அழுதே போட்டேன். நாலு மாசத்துல அன்னிக்குத்தான் அழுதேன்.

நீங்க ஏன் எந்திரிச்சுட்டீங்க? உக்காருங்க, இப்ப வந்துருவாரு. இதைக் கேட்டுட்டுப் போங்க. நானே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அவன் படத்தை எடுத்தேன். என் துண்டுலயே தொடைச்சேன். அதே ஆணியில மாட்டுனேன். கடைக்குப் போய்ச் சம்பங்கி மாலை வாங்கிட்டு வந்து போட்டு, பொட்டு வெச்சுக் கும்புட்டேன். அவ கதவோரமா நின்னு பார்த்துட்டே இருந்தா, பக்கத்துல வரல. இப்ப வாராவாரம் நான்தான் போய் மாலை மாத்தீட்டு வர்றனுங்க. கட்டுனவளே நம்பலைன்னா அவனுக்கு வேற யாருங்க இருக்கறா? நான் ஒருத்தனாவது அவன் பக்கம் நிக்கோணுமில்லீங்க.